மருந்து போடும் நேரம்

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு சந்து. அதில் பதினோரு பிளேட்டிங் பட்டறைகள். பித்தளைக் குழாய், சைக்கிள் மணி, பீரோக் கைப்பிடி, கார் உதிரி பாகம் என்று எது வந்தாலும் தொட்டியில் முக்கி, நிக்கலோ குரோமியமோ துத்தநாகமோ ஏற்றிப் பளபளவென்று அனுப்பிவிடுவார்கள். பதினோரு முதலாளிகளும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் பந்தி பரிமாறுவார்கள். ஒருவர் வீட்டுச் சாவில் ஒருவர் தோள் கொடுப்பார்கள். ஆனால் ‘மருந்து போடும் நேரம்’ வந்துவிட்டால் ஷட்டர் பாதி இறங்கிவிடும். அப்போது சொந்த மச்சானே வந்தாலும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

மருந்து என்பது அந்தந்தப் பட்டறை, பளபளப்புக்காக ரகசியமாகச் சேர்க்கும் சரக்கு. பில்லில் இருக்காது, பலகையில் எழுதியிருக்காது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாதவர்கள் இருந்தார்கள். பூவம்மா விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். அங்கே முதலாளியே பெண்டாட்டிதான், புருஷனுக்குத்தான் பட்டறையில் வேலையில்லை.

பூவம்மா வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்தவள். பதினாறு வயதில் புளியந்தோப்பில் ஒரு பட்டறைக்குக் கழுவுகிற வேலைக்குப் போனாள். பித்தளைக்கு நிக்கல் ஒழுங்காக ஏற வேண்டுமென்றால் அதிலிருக்கும் கறையெல்லாம் முதலில் போக வேண்டும். அதற்கு ஆசிட் வாளி. குழாயை முக்கினால் சுர்ரென்று செம்பழுப்பில் புகை கிளம்பும். கையுறை இரண்டு ஜோடி இருந்தது, அதிகாரிகள் வரும்போது காட்டுவதற்காக ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஒரு வருடத்தில் பூவம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போனது. குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் உயிர் போகிற எரிச்சல். ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள். “ஸ்பூன்ல துன்றா பாரு, தொரசானி!” என்று குடியிருப்பே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்ய?

ஒரு நாள் ஆசிட் வரவில்லை. வேலையோ அவசரம். வீட்டில் குத்துவிளக்கு துலக்குகிற ஞாபகத்தில், கறுத்துப்போன பழைய புளியை உப்புப் போட்டு வெந்நீரில் கரைத்து, குழாய்களை அதில் ஊற வைத்தாள். அரை மணி நேரம் கழித்து எடுத்துத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னியது. மேலே ஏறிய நிக்கலும் உரியவில்லை. புகை இல்லை, கை எரியவில்லை. ‘ஆசிட்டில் ஏதோ கலப்படம் போல, நன்றாக வந்திருக்கிறது’ என்று, ஆசிட் வராதது தெரியாத முதலாளி நினைத்துக்கொண்டார். பூவம்மா வாயைத் திறக்கவில்லை.

அந்த மூடிய வாய்தான் பின்னால் அவளை முதலாளி ஆக்கியது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையிலிருந்த பரசுராமனைக் கட்டிக்கொண்ட பிறகு, சிறுகச் சிறுகச் சேர்த்து, தொண்ணூற்றொன்றில் இந்தச் சந்தில் ஒரு கொட்டகை எடுத்தாள். ‘பூவம்மா நிக்கல்’ என்று பலகை மாட்டினாள். பின்பக்கம் கோணித் திரைக்கு அந்தண்டை ஒரு டிரம்மில் புளி ஊறும். அது தெரிந்தவர்கள் அவளும், அவளிடம் கழுவுகிற செங்கொடியும் மட்டும். ராயபுரத்துக் குழாய்க் கடைக்காரர்கள், “பூவம்மா சரக்குன்னா ரெண்டு வருஷத்துக்கு உரியாது” என்று தேடி வந்தார்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த டிரம்மால்தான்.

எதிர்ப் பட்டறை டென்னிஸுடையது. அப்பா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். நிக்கலும் செய்வார், அதன்மேல் குரோமியமும் ஏற்றுவார். அவரிடம் ஆசிட் வாளியில் கை விடுபவள் ரசூல் பீவி. மதியம் பூவம்மாவும் பீவியும் சந்தின் முனையில் வேப்பமரத்தடியில் ஒன்றாகத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். பீவியின் பத்து விரலிலும் துணிக் கிழிசல் சுற்றியிருக்கும். சாப்பிடுவது ஸ்பூனில்.

பூவம்மா அதைத் தினமும் பார்த்தாள். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள், களிம்பு வாங்கித் தந்தாள். “தண்ணில அலசிட்டுப் போடுமே” என்று வக்கணையாக யோசனையும் சொன்னாள். புளி என்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பீவி வழியாக டென்னிஸுக்குப் போகும், டென்னிஸ் வழியாக ராயபுரத்துக்குப் போகும், பிறகு எதற்கு ‘பூவம்மா நிக்கல்’? ஒன்பது வருடம் அந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கெட்டவள் என்று அவளைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்லது செய்தாள் என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டாயிரத்தில் நோட்டீஸ் வந்தது. பதினோரு பட்டறைத் தண்ணீரும் மஞ்சளும் பச்சையுமாகச் சாக்கடையில் ஓடி, கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வலை போடுகிறவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். கொடுக்காமல் என்ன செய்வார்கள்? மூன்று மாதத்துக்குள் கழிவு நீரைச் சுத்தம் செய்து, பரிசோதனையில் தேற வேண்டும். இல்லையென்றால் மின் இணைப்பு துண்டிக்கப்படும். சந்தில் எழுபது பேருக்குமேல் வேலை பார்த்தார்கள்.

தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட ஒருவருக்கும் வசதியில்லை. டென்னிஸ் எல்லாரையும் கூட்டினார். பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் நடத்தும் சங்கரநாராயணன் சார் தன் ஸ்கூட்டரில் இரண்டு கண்ணாடி ஜாடியோடு வந்தார். ஒன்றில் டென்னிஸ் பட்டறையின் மஞ்சள் தண்ணீர். இன்னொன்றில் சந்துக் கோடியில் இரும்புக் கம்பிகளை ஆசிட்டில் ஊறப்போட்டுத் துரு எடுக்கும் ஹுமாயூனின் யார்டிலிருந்து எடுத்த கழிவு. இரண்டையும் கலந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பச்சையானது.

“மஞ்சள்லதான் விஷம் அதிகம். ஹுமாயூன் பாய் தண்ணியில கரைஞ்சிருக்கற இரும்பு அந்த விஷத்தை முறிக்குது. இப்ப சலவை சோடா போட்டா உலோகமெல்லாம் அடியில உக்காந்துடும், மேல நிக்கறது தெளிஞ்ச தண்ணி. இதுக்குன்னு கடையில மருந்து வாங்கினா உங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. ஆனா அது உங்க சந்துலயே சும்மா ஓடிக்கிட்டிருக்கு” என்றார்.

ஹுமாயூன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “அட, நம்ப கலீஜுக்கும் ஒரு மரியாதி கீது!” என்றார். அவர் யார்டிலேயே பொதுத் தொட்டி கட்டுவது என்று முடிவானது. அவரவர் பட்டறையிலிருந்து சாக்கடையில் என்னென்ன போகிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார் சார்.

இங்கேதான் தப்பு நடந்தது, அந்தச் சந்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பதினோரு பேரும் பில் போட்டு வாங்கியதை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மருந்தை ஒருவரும் எழுதவில்லை. பொய் எழுதியதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மருந்தைப் போய் யாராவது தாளில் எழுதுவார்களா?

தொட்டி வந்தது, குழாய் இழுத்தார்கள். முதல் பரிசோதனை தோற்றது. இரண்டாவதும் தோற்றது. சோடா எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் தெளியவில்லை, கலங்கிய பச்சையாக அப்படியே நின்றது. மூன்றாவது, கடைசிப் பரிசோதனை, வருகிற வெள்ளிக்கிழமை.

பழி ஹுமாயூன் தலையில் விழுந்தது. ஆசிட் அவருடையது, யார்டும் அவருடையது, வேறு யாரைச் சொல்வது? அவர் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் அவரை விலக்கிவிட்டு, விஷம் முறிக்கும் மருந்தை வெளியில் வாங்கிப் போடலாம் என்று நாலைந்து பேர் பேச ஆரம்பித்தார்கள். புதன்கிழமை கூடி முடிவெடுப்பதாகப் பேச்சு. விலக்கினால் அவருக்கென்று தனித் தொட்டி கட்ட வழியில்லை, யார்டை மூட வேண்டியதுதான். “எத்தினி வருசத் தோஸ்துங்கோ, ஒரு வார்த்த நம்மாண்ட கேக்கலியே” என்று பூவம்மாவிடம் சொன்னார் அந்தப் பெரிய உடம்புக்காரர்.

திங்கட்கிழமை சார் மறுபடி வந்தார். “நீங்க எழுதிக் கொடுத்ததை மட்டும் கலந்து பார்த்தேன், அழகா படியுது. நிஜமான சாக்கடைத் தண்ணி படியமாட்டேங்குது. அப்ப தாள்ல இல்லாத ஏதோ ஒண்ணு தொட்டிக்கு வருது. எலுமிச்சை, புளி மாதிரி ஒரு புளிப்புச் சரக்கா இருக்கலாம். அது உலோகத்தைக் கெட்டியாப் பிடிச்சிக்கும், கீழ இறங்க விடாது. யாராவது அப்படி ஏதாவது சேர்க்கறீங்களா?” என்று கேட்டார்.

ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பூவம்மா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் முதல் தடவையாகப் பரசுராமனிடம் புளி விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னாமே இது பேஜாரு! ஒரு வாரம் புளிய நிப்பாட்டு. ஆசிட்ட வாங்கி ஓட்டு. டெஸ்ட் பாஸ் ஆயிடும். அப்பால பாத்துக்கலாம். யாருக்குத் தெரியும்?” என்றான்.

“ஹுமாயூன் பாய புதங்கெயமயே கெளப்பிட்டா?”

“அத்த நீ ஏன் யோசிக்கிற?” என்று கேட்டானே தவிர, அதற்கப்புறம் அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய் காலை ஆசிட் கேன் வந்தது. வாளியில் ஊற்றி முதல் குழாயை முக்கியதும் சுர்ரென்றது. செம்பழுப்புப் புகை. ஒன்பது வருடமாகத் தன் பட்டறைக்குள் வராத அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் பூவம்மாவுக்குப் புளியந்தோப்பு முழுவதும் கண்முன் வந்தது. செங்கொடி இருமினாள். பழக்கமில்லாதவள், புளித் தண்ணீரில் கைவிடுகிற மாதிரியே வெறுங்கையை வாளிக்குள் விடப் போனாள்.

“ஏய், கைய எடு!” பூவம்மா போட்ட சத்தத்தில் எதிர்ப் பட்டறையிலிருந்து பீவி எட்டிப் பார்த்தாள். விரலில் துணி சுற்றிய கையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு, “இன்னாக்கா ஆச்சு?” என்று கேட்டாள்.

பூவம்மா கேனை மூடி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வேலை இல்லை என்று ஷட்டரை முழுக்க இறக்கினாள்.

புதன்கிழமை ஹுமாயூன் யார்டில் எல்லாரும் கூடினார்கள். சோடாவும் டீத்தூளும் சப்ளை செய்கிற மளிகைக் கடைத் தவசிமுத்துவும் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், எர்ணாவூர் போகிற வழியில் கடை. டென்னிஸ் பேச்சை ஆரம்பிப்பதற்குள் பூவம்மா எழுந்தாள். மஞ்சள் பையிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு புளி உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“பாய்மேல தப்பு இல்ல. இதான். என் பட்டறைலேர்ந்துதான் போவுது. ஆசிட்டுக்குப் பதிலா ஒம்போது வருசமா இத்தத்தான் போட்டுகினு கீறேன். எய்தித் தரல. கேட்டப்போகூட சொல்லல. என் மருந்து இதான்.”

மணலிக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டென்னிஸ் அந்தப் புளியைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “புளியா? வெறும் புளியா? இந்தப் பளபளப்புக்கு நான் என்னென்னமோ பண்ணிப் பாத்திருக்கனே!”

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தவசிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாசம் இருவது கிலோ பழம்புளி. பூவம்மா வீட்டுக்குன்னு சொல்லி வாங்குவாவ. நாலு பேரு இருக்க வீட்டுல ரசத்துலயா குளிக்காவன்னு நான் யோசிச்சிட்டே இருப்பேன்” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “நீங்கல்லாம் என்ன முழிக்கீய? டென்னிஸ் அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் சக்கர வியாதி கிடையாது. சாக்கரின் டப்பா எதுக்கு வாங்குதீய? அங்க உக்காந்திருக்க பக்தவச்சலம் அண்ணன் வெல்லப்பாகு டின்னு டின்னா கொண்டு போறாவ. அவிய வீட்டுல தினமுமா அதிரசம்? பதினோரு கடை மருந்தும் நம்ம கடைச் சரக்குதானய்யா!”

டென்னிஸின் காது சிவந்துவிட்டது. பக்தவச்சலம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூடச் சேர்ந்து முதலில் சிரித்தது ஹுமாயூன். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

“இத்தினி வருசமா ஒருத்தராண்டயும் சொல்லலியே அண்ணாச்சி” என்றாள் பூவம்மா.

“ஒருத்தர் என்ன வாங்குதாவன்னு இன்னொருத்தர்கிட்ட சொன்னா அது கடையாம்மா?” என்றார் தவசிமுத்து. அது அவருக்குச் சிரிப்பு விஷயமில்லை.

சார் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். அன்றைக்குத்தான் பட்டியல் உண்மையாக எழுதப்பட்டது. சாக்கரின், வெல்லப்பாகு, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை, புளி என்று மளிகைச் சாமான் பட்டியல் மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றாக ஜாடியில் கலந்து பார்த்தார். மற்றதெல்லாம் பெரிய தொந்தரவு தரவில்லை. புளிதான் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“இதை நிறுத்தவா சார்?” என்று கேட்டாள் பூவம்மா. அவள் அடுப்பே அதில்தான் எரிந்தது.

“எதுக்கும்மா நிறுத்தணும்? இந்தச் சந்துலயே நல்ல காரியம் பண்ணினது நீங்க ஒருத்தர்தான். ஆசிட்டையே விட்டிருக்கீங்க! புளித் தண்ணியைத் தனியாப் பிடிச்சு, முதல்ல சுண்ணாம்பு போட்டுப் பார்ப்போம். புளிப்பு சுண்ணாம்போட சேர்ந்து அடியில இறங்கணும். அப்புறம் பொதுத் தொட்டிக்கு விடலாம்” என்றார் சார்.

சுண்ணாம்புக்கும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சூளையில் தவசிமுத்துவுக்கு ஆள் பழக்கம் இருந்தது. அன்று பிற்பகலே நாலு மூட்டை வந்து இறங்கியது. ஹுமாயூன் தன் யார்டின் இரும்பு டிரம் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்து பூவம்மாவின் பின்கட்டில் வைத்தார். அவரை விலக்க வேண்டும் என்று பேசியவர்களில் இரண்டு பேர் அந்த டிரம்முக்குக் குழாய் பொருத்தினார்கள். மன்னிப்பென்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஹுமாயூன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் பொதுத் தொட்டியில் சோடா போட்டுக் கலக்கிவிட்டு பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். சாந்து மாதிரி ஒரு கசடு மெல்ல மெல்ல அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரில் டென்னிஸின் முகம் தெரிந்தது. “அட, நான் இவ்ளோ கறுப்பா?” என்றார் அவர். பூவம்மா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினால் அழுகை வராதா என்ன?

வெள்ளிக்கிழமை தண்ணீர் எடுத்துப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து, தேறிவிட்டது என்று காகிதம் வந்தது. மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. கசடை மூட்டை கட்டி, அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு மாதாமாதம் லாரியில் சேர்ந்தே அனுப்பினார்கள்.

காகிதம் வந்த மறுநாள் டென்னிஸ் பூவம்மாவின் ஷட்டருக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை, பழக்கதோஷம். “பூவம்மாக்கா, நேத்து நானும் புளி போட்டுப் பாத்தேன். குழாய் கன்னங்கரேல்னு வந்துட்டு. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு தெரியல. நீங்க சொல்லணும்னு கட்டாயமில்ல” என்றார்.

கட்டாயமில்லைதான். ராயபுரத்துக் கடைகளில் இரண்டு கடையாவது அவரிடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் அப்படித்தான் போயின. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வா நைனா, உள்ள வா. மொதல்ல உன் பட்டறைல பீவி வாளிய மாத்து. மத்தத அப்பால பாத்துக்கலாம்” என்றாள். எல்லாவற்றையும் செய்து காட்டினாள். வருடம் முடிவதற்குள் பித்தளை வேலை செய்கிற ஐந்து பட்டறையில் ஆசிட் வாளி போய்ப் புளி டிரம் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்குகிற வழக்கமும் எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லாமல் நின்றுபோனது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஹுமாயூன் யார்டில் பதினோரு பட்டறைக்கும் சேர்த்து ஒரே சாப்பாடு. தவசிமுத்து சாமான் போட்டார், பரசுராமன் துறைமுகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பரிமாறினான். பூவம்மாவும் ரசூல் பீவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்தது, அதன்மேல் காரக் குழம்பு விழுந்தது. பூவம்மா வழக்கம்போலப் பீவியின் பையைத் துழாவி ஸ்பூனை எடுத்து நீட்டினாள்.

பீவி அதை வாங்கவில்லை. துணி சுற்றாத ஐந்து விரலையும் குழம்புக்குள் விட்டு, சோற்றை நிதானமாகப் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்க்கு உருட்டினாள்.

“எரியலியா பீவி?”

“இல்லக்கா.”

பூவம்மாவுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. ஸ்பூனைத் தன் மடியில் செருகி வைத்துக்கொண்டாள்.